இன்னும் ஒரு கால் திருகு

நன்றி சொல்வதென்றால் முதலில் அந்தப் பலகைச் சுவருக்குத்தான் சொல்ல வேண்டும். அது செங்கல் சுவராக இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. வீட்டின் முன்பக்கம் ஒரே நீள அறையாக இருந்ததை, கல்யாணமான புதிதில், மெக்கானிக் நடுவில் பலகை அடித்து இரண்டாக்கினார். இடப்பக்கம் அவருடைய பட்டறை, வலப்பக்கம் அவர் மனைவியின் தையல் அறை. "செங்கலு அப்புறம் வெச்சுக்கலாம்" என்றார். அந்த அப்புறம் இருபத்திரண்டு வருஷமாக வரவில்லை. பலகை இடுக்கு வழியாகப் பெட்ரோல் வாடை இந்தப் பக்கம் வரும், நூல் பஞ்சு அந்தப் பக்கம் போகும். தைத்து வாங்கிய சட்டையில் கிரீஸ் வாடை அடிக்கிறதென்று அவளிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஏர் ஃபில்டருக்குள் சிவப்பு நூல் எப்படி வந்ததென்று அவரிடம் கேட்டவர்களும் உண்டு.

மெக்கானிக்குக் கால்திருகு என்று பட்டப்பெயர். கார்புரேட்டர் திருகில் ஸ்க்ரூடிரைவரை வைத்து, இஞ்சினுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு, "இன்னும் ஒரு கால் திருகு" என்பார். முழுத் திருகு, அரைத் திருகெல்லாம் முரடர்கள் வேலை என்பது அவர் கட்சி. பட்டப்பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு வரும் புது ஆட்கள் முதலில் அவர் காலைத்தான் குனிந்து பார்ப்பார்கள், திருகிக்கொண்டிருக்கிறதா என்று. கால் நன்றாகத்தான் இருந்தது. போனது காது.

ஒரே நாளில் போயிருந்தால் உட்கார்ந்து அழுதாவது தீர்த்திருக்கலாம். அது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. முதலில் கடிகாரத்தின் டிக் டிக் போனது. அப்புறம் தகரக் கூரையில் விழும் தூறல். அப்புறம் அடுப்படியிலிருந்து மனைவி கூப்பிடுவது. அது மட்டும் எல்லா வீட்டிலும் உள்ளதுதானே என்று அவளும் ஆரம்பத்தில் கண்டுகொள்ளவில்லை. இடது காது அடியோடு போய்விட்டது, வலதில் பாதி மிச்சம் என்றார் டாக்டர். முப்பது வருஷமாகச் சைலன்சர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் அது பாவம் என்ன செய்யும் என்றும் கேட்டார். காதுக்கு ஒரு மிஷின் வாங்கினார்கள். அதை மாட்டிக்கொண்டு இஞ்சினைக் கிளப்பினால் எல்லாச் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து அலறியது. மிஷின் மேசை இழுப்பறைக்குப் போனது.

"இது நம்ம வாசப்படியத் தாண்டக் கூடாது" என்றார் மனைவியிடம். "சத்தம் கேட்டு வண்டி பாக்குறவனுக்குக் காது போச்சுன்னு தெரிஞ்சா எவன் வண்டியக் கொண்டாந்து விடுவான்?"

அதிலிருந்து யார் என்ன சொன்னாலும் மூன்றில் ஒன்று செய்வார். தலையை ஆட்டுவார், சிரிப்பார், "பாத்துக்கலாம்" என்பார். முக்கால்வாசிப் பேச்சுக்கு உலகத்தில் இந்த மூன்றும் போதும். ஒரு நாள் பால்காரர் வந்து, அம்மா தவறிவிட்டாள், வண்டியை எடுக்க இரண்டு நாள் ஆகும் என்றார். மெக்கானிக் வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, "ரொம்ப சந்தோஷம், பாத்துக்கலாம்" என்றார். தையல்காரி கத்தரிக்கோலோடு ஓடிப்போய்ப் பால்காரர் கையைப் பிடித்து, இவருக்குக் காய்ச்சல், பிதற்றுகிறார் என்று சொல்லிச் சமாளித்தாள். பால்காரர் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை. ட்யூன் சரியில்லை என்று இன்னும் மூன்று பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த நிலைமையில்தான் மலை நர்ஸின் வண்டி வந்தது.

அவளுக்கு மலை நர்ஸ் என்று பெயர் வந்தது மலை மேல் போவதால்தான். ஆள் என்னவோ குழந்தை மாதிரிச் சிறுசு. மேலே கல் உடைக்கிறவர்களும் மரம் வெட்டுகிறவர்களுமாக எழுபது குடும்பம். ஜீப் போகும் பாதையைப் போன மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்தது இரண்டடி அகலத்தில் ஒரு தடம். மாதம் இரண்டு தடவை தடுப்பூசிப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு அவள் ஏற வேண்டும். சுகாதார அலுவலகத்தில் கொடுத்த பழைய வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நின்று, "அண்ணா, இது மலை ஏறணும்" என்றாள்.

மற்ற மெக்கானிக்குகள் லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று கேட்பார்கள். இவர், "எந்த வழியா போறே, சொல்லு" என்றார். சிமெண்ட் சாக்குக் காகிதத்தை விரித்து அவள் சொல்லச் சொல்லப் பென்சிலால் பாதை போட்டார். எங்கே வளைவு, எங்கே முதல் கியர், எங்கே கல், எங்கே களிமண், எல்லாம் கேட்டார்.

"எந்த எடத்துல உனக்குப் பயமா இருக்கும்?"

"ஓடையத் தாண்டுற எடத்துலண்ணா. மெதுவா தண்ணியில எறங்கி, அந்தப் பக்கம் சட்டுனு முறுக்கி ஏறணும். இடது பக்கம் பள்ளம்."

"முறுக்கும்போது வண்டி யோசிக்கக் கூடாது. அதானே?"

"யோசிச்சா நான் பள்ளத்துல கெடப்பேன்."

இரண்டு மாதம் அந்த வண்டியோடு குடித்தனம் நடத்தினார். முன் ஃபோர்க்கை உயரமாக்கினார். பட்டன் பட்டனாகப் பல் வைத்த டயர் போட்டார். தண்ணீர் ஏறாதபடி சைலன்சரை சீட் உயரத்துக்குத் தூக்கினார். பின்னால் பெரிய பல்சக்கரம். கடைசியில், பழைய கார்புரேட்டர் பத்தாதென்று பெரிய வண்டி ஒன்றின் கார்புரேட்டரைக் கழற்றி இதற்குப் பொருத்தினார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. மற்றதெல்லாம் கண்ணுக்கும் கைக்கும் அடங்கின. கார்புரேட்டர் அடங்குவது காதுக்கு.

"இது சரியா வந்தா பட்டறை இருக்கும்" என்று ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது சொன்னார். "இல்லன்னா பூட்டிட்டு எங்கயாவது வாட்ச்மேன் வேலைக்குப் போறேன். ஒருத்தர் உசிர வெச்சு வேடிக்கை பாக்கக் கூடாது."

அவள் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். வாட்ச்மேன் உடுப்பில் அவரை நினைத்துப் பார்க்கவே அவளால் முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. டுப் டுப் டுப் டுப். திருகைத் திருப்பத் திருப்பச் சத்தம் மெல்லத் தெளிந்து, ஓர் இடத்தில் மழை விட்ட வானம் மாதிரி சுத்தமானது. சரி, முடிந்தது என்று அவள் ஊசியை இறக்கினாள். சத்தம் மறுபடியும் கலங்கியது. திரும்பி வந்தார், அந்த இடம் வந்தது, மறுபடியும் தாண்டிப் போனார். நாலு தடவை. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவரை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டாள்.

"தாண்டிட்டீங்க."

"எத?"

"நல்லா இருந்த எடத்த. பின்னால திருப்புங்க. இன்னும் கொஞ்சம். இன்னும். நிறுத்துங்க, இதான்."

அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்திரண்டு வருஷமா அந்தப் பக்கம் ஒக்காந்துட்டு வேற என்னத்தக் கேட்டேன்? ரேடியோவா வாங்கிக் குடுத்தீங்க?"

அவர் சிரித்துவிட்டார். கேட்டுச் சிரித்தாரா, வழக்கமான சிரிப்பா என்று ஒரு கணம் அவளுக்குச் சந்தேகம். கேட்டுத்தான் சிரித்தார்.

அவளுக்கு இதில் ஒன்றும் மாயமில்லை. தையல் மிஷினில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று சரியாகப் பிடிக்க வேண்டும். மேல்நூல் இறுகினால் துணி சுருங்கும், தளர்ந்தால் அடியில் சடை போடும். இரண்டும் சரியாக இருக்கும்போது மிஷினுக்கு ஒரு சத்தம் உண்டு, அதைக் கேட்டாலே தையலைப் பார்க்க வேண்டாம். கார்புரேட்டரிலும் பெட்ரோலும் காற்றும் அப்படித்தான் என்று அவர் சொன்னதும் அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. காற்று அதிகமானால் இஞ்சின் பட்டினியில் திணறும். பெட்ரோல் அதிகமானால் அளவுக்கு மேல் தின்றவன் மாதிரி பொருமும்.

பலகைச் சுவரில் ஒரு பலகையைக் கழற்றினார். அந்த இடுக்கு வழியாக அவள் முகம் தெரியும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவள் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருப்பாள், அவர் பாட்டுக்குத் திருகிக்கொண்டிருப்பார். நன்றாயிருந்தால் தலையை மேலும் கீழும் ஆட்டுவாள், இல்லாவிட்டால் பக்கவாட்டில். இரண்டு நாள் அப்படி ஓடியது. நின்ற இடத்தில் ஓடும் ஓட்டம் சரியானது. முழுசாக முறுக்கி ஓட்டிவிட்டு வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை நல்ல பிஸ்கட் நிறம். அதுவும் சரி. இரண்டுக்கும் நடுவில், மெதுவிலிருந்து சட்டென்று முறுக்குகிற இடம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. அதைப் பிளக் காட்டாது. "பிளக்கு நடந்து முடிஞ்சதச் சொல்லும். சத்தம்தான் நடக்கிறதச் சொல்லும்" என்பார் அவர்.

புதன்கிழமை சாயங்காலம். காலையிலிருந்து தூறல். மறுநாள் விடிந்ததும் நர்ஸ் வண்டியை எடுக்க வருவாள். மத்தியானச் சாப்பாட்டை அவர் தொடவில்லை, அவித்த முட்டை தட்டில் அப்படியே கிடந்தது. விரல் நுனியெல்லாம் பெட்ரோலில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. நாற்பதாவது தடவையோ ஐம்பதாவது தடவையோ திருகைத் தொட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று முறுக்கிவிட்டு, இடுக்கு வழியாக அவளைப் பார்த்தார்.

அவள் கேட்டாள். டுப் டுப் டுப், ஒரு துளி இடைவெளி, அப்புறம் விர்ரென்று ஏறியது. அந்த இடைவெளி கண்ணிமைக்கிற நேரம்கூட இல்லை. ஆனால் இருந்தது.

அவர் முகத்தைப் பார்த்தாள். பரீட்சைத் தாளை நீட்டிவிட்டு நிற்கிற பிள்ளையின் முகம். ஐம்பத்தினாலு வயது மனிதர் அப்படி நிற்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை.

தலையை மேலும் கீழும் ஆட்டினாள். போதாதென்று எழுந்து வந்து, "நல்லா இருக்குங்க. ரொம்ப நல்லா இருக்கு" என்றாள்.

அவர் இஞ்சினை அணைத்தார். கந்தலில் கையைத் துடைத்தார். ஆறு மாதமாகக் காணாமல் போயிருந்த ஒரு சிரிப்பு வந்தது. ஆறிப்போன முட்டையை உப்புகூடத் தொடாமல் தின்றார். அன்று அவர் நன்றாகத் தூங்கினார். அவள்தான் தூங்கவில்லை. அந்த ஒரு துளி இடைவெளி அவள் காதுக்குள்ளேயே இருந்தது.

வியாழக்கிழமை காலையில் நர்ஸ் வந்து பெட்டியை முதுகில் கட்டி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள். தெருமுனை வரைக்கும் சத்தம் சுத்தமாகத்தான் இருந்தது. ஒன்றும் ஆகாது, நாம்தான் அளவுக்கு மீறிக் கேட்கிறோம் என்று தையல்காரி தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள்.

மத்தியானம் வண்டி திரும்பி வந்தது. சத்தமில்லாமல் வந்தது. நர்ஸ் உருட்டிக்கொண்டு வந்தாள். இடுப்பு வரைக்கும் சேறு, முழங்காலில் துணி கிழிந்து ரத்தம், வலது மணிக்கட்டில் கைக்குட்டைக் கட்டு.

"ஓடையில யோசிச்சிருச்சுண்ணா" என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை. "முறுக்குனேன். ஒரு நொடி ஒண்ணுமே இல்ல. கால ஊனுனேன், கல்லு வழுக்கிருச்சு. நல்லவேளை, வலது பக்கமா விழுந்தேன். சேறுதான். பெட்டிக்கு ஒண்ணும் ஆகல."

தையல்காரிக்கு உயிர் போய் உயிர் வந்தது. இடது பக்கம் பள்ளம். யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் அந்தச் சேற்றுக்கே மனசுக்குள் நன்றி சொன்னாள். வெந்நீரும் துணியும் கொண்டுவந்து நர்ஸை முக்காலியில் உட்கார வைத்து முழங்காலைக் கழுவினாள். பெட்டியிலிருந்த ஊசி மருந்தை வரும் வழியில் சுகாதார அலுவலகக் குளிர்சாதனப் பெட்டியில் திருப்பி வைத்துவிட்டதாகவும், முகாமைச் சனிக்கிழமைக்குத் தள்ளியிருப்பதாகவும் நர்ஸ் சொன்னாள்.

மெக்கானிக் நர்ஸின் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றார். எல்லாம் புரிந்திருந்தது. உள்ளே போய் ஏணியை எடுத்து வந்து வாசலில் சாய்த்தார். பத்தாம் நம்பர் ஸ்பானரோடு ஏறி, பட்டறையின் பெயர்ப் பலகை போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

"அண்ணா, என்ன பண்றீங்க? கார்புரேட்டர்னா முன்னபின்ன இருக்கும். மறுபடி பாத்தா போச்சு." நர்ஸ் பேசியது அவர் முதுகிடம்.

"வண்டி மேல தப்பில்லம்மா" என்றார் அவர், யாரும் கேட்காத கேள்விக்கு. "எல்லாம் சரியா இருந்தும் நீ விழுந்தேன்னா, என் கை போச்சுன்னு அர்த்தம். பெரிய பட்டறையாப் பாத்துக் கொண்டுபோ. நான் முடிச்சுக்குறேன்."

எல்லாம் சரியாக இருந்தும். அந்தச் சொல் தையல்காரியைக் குத்தியது. கையில் வைத்திருந்த ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டு ஏணியடிக்குப் போனாள்.

"என்னங்க. நேத்து நான் பொய் சொல்லிட்டேன்."

அவர் போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நான் பொய் சொல்லிட்டேங்க."

"என்ன, நெய் வேணுமா?"

காது கேட்காதவரிடம் ரகசியமாக மன்னிப்புக் கேட்க முடியாது. அவள் ஏணியைப் பிடித்து உலுக்கினாள். அவர் திரும்பிக் கீழே பார்த்ததும் தொண்டை கிழியக் கத்தினாள். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது, சைக்கிளில் போனவர் காலை ஊன்றினார்.

"நேத்து வண்டி சரியா இல்ல. முறுக்கும்போது விட்டுவிட்டு ஏறுச்சு. எனக்கு நல்லா கேட்டுச்சு. உங்க மூஞ்சியப் பாத்துட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். ஒங்க கையில தப்பில்ல, என் வாயிலதான் தப்பு."

சொல்லி முடித்ததும்தான் நர்ஸ் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது. ஆறு மாதம் பொத்திப் பொத்தி வைத்த குட்டு நடுத்தெருவில் உடைந்துவிட்டது.

அவர் ஏணியிலிருந்து இறங்கினார். ஒவ்வொரு படியாக, நிதானமாக.

"விழுந்தது யாரு?" என்றார்.

அவள் தலையைக் குனிந்தாள்.

"என் மூஞ்சிக்காகப் பொய் சொன்னே. சரி. விழுந்தது அந்தப் புள்ள. இடது பக்கம் விழுந்திருந்தா?"

"நெனச்சு நெனச்சுச் செத்துட்டு இருக்கேன்" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

நர்ஸ் நொண்டிக்கொண்டு எழுந்து வந்தாள். வந்தவள் அவருடைய வலது பக்கமாகப் போய், முகத்துக்கு நேராக நின்று பேசினாள். அப்போதுதான் தையல்காரிக்கு உறைத்தது, இந்தப் பெண் எப்போதும் அந்தப் பக்கமாகத்தான் நின்று பேசுவாள்.

"அக்கா, அழாதீங்க. அண்ணா, உங்களுக்குக் காது கேக்காதுன்னு எனக்கு வந்த அன்னைக்கே தெரியும். நர்ஸு நான். வாயப் பாத்துப் பதில் சொல்றவங்கள எனக்குத் தெரியாதா?"

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார். "தெரிஞ்சுமா வண்டியக் குடுத்தே?"

"வேற நாலு பட்டறைக்குப் போனேன். எல்லாருக்கும் நல்லா காது கேட்டுச்சு. ஆனா ஒருத்தரும் எந்த எடத்துல உனக்குப் பயம்னு கேக்கல. நீங்க கேட்டீங்க. பொட்டப்புள்ள எதுக்கு மலை ஏறணும்னு கேட்டவங்கதான் அதிகம்." கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டாள். "பெரிய பட்டறைக்கெல்லாம் போக மாட்டேன். சனிக்கிழமை எனக்கு வண்டி வேணும். அக்கா காது நல்லாத்தானே இருக்கு?"

அவர் சோப்புத்தூளை அள்ளி முழங்கை வரைக்கும் கழுவினார். கோபமாக இருக்கும்போது அவர் கை கழுவுவார் என்பது அவளுக்குத் தெரியும். கழுவி முடித்துத் துடைத்துக்கொண்டு வந்தபோது கோபம் பாதி போயிருந்தது.

"இந்தா, இங்க வா" என்றார். "இனிமே நல்லாருக்கு, நல்லால்லன்னு நீ எனக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நீ பாசக்காரி, அதுல பொய் வந்துரும். வண்டி என்ன சத்தம் போடுதோ, அதே சத்தத்த நீ வாயால போடு. நான் ஒன் வாயப் பாத்துக்குறேன்."

"என்னது?"

"டுப் டுப்னா டுப் டுப். நடுவுல விட்டா நீயும் விடு. அவ்வளவுதான்."

"நடுத்தெருவுலயா? நாலு பேரு பாக்க நான் டுப் டுப்னு கத்தணுமா?"

"இப்ப கத்தாத கத்தா?" என்றார். நர்ஸ் முழங்கால் வலியை மறந்து சிரித்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கினார்கள். பலகை இடுக்கில் ஒளிந்து பார்க்கும் வேலையெல்லாம் முடிந்தது. முற்றத்தில் வண்டி, வண்டிக்கு அந்தப் பக்கம் முக்காலியில் அவள், இந்தப் பக்கம் குந்தியபடி அவர். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். முதலில் வாயே வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"டுப்" என்றாள் மெல்ல.

"வாயத் தொறந்து சொல்லு. இஞ்சினு என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கு?"

"டுப் டுப் டுப் டுப்."

அவர் சட்டென்று முறுக்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "டுப் டுப் டுப்..." வாய் ஒரு துளி நேரம் வெறுமனே திறந்து நின்றது. "...விர்ர்ர்ர்."

"மறுபடி."

மறுபடியும் அதே இடத்தில் வாய் திறந்து நின்றது. முறுக்கை விட்டபோது சைலன்சர் பக்கம் ஒரு சின்ன வெடி. அதையும் "டப்" என்று சொன்னாள்.

அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "பட்டினி. அந்த எடத்துல பெட்ரோல் பத்தல. மூணு நாளா இந்த ஆமாம், இல்லைய வெச்சுக்கிட்டுத் திருகையே சுத்திட்டு இருந்தேன். கோளாறு ஊசியில."

கார்புரேட்டர் மூடியைத் திறந்து, வழியடைக்கிற மெல்லிய ஊசியை வெளியே எடுத்தார். அதன் தலையில் ஐந்து பள்ளம், நடுப் பள்ளத்தில் ஒரு குட்டிக் கிளிப். அதைக் கழற்றி ஒரு பள்ளம் கீழே மாட்டினார். ஊசி ஒரு மயிரிழை உயர்ந்து நின்றது, அந்த அளவுக்குப் பெட்ரோல் கூடுதலாக வரும். மூடினார், கிளப்பினார், முறுக்கினார்.

"டுப் டுப் டுப்விர்ர்ர்ர்."

"மறுபடி."

"டுப் டுப் டுப்விர்ர்ர்ர்."

இதற்குள் எதிர் வீட்டம்மா, சீருடை வாங்க வந்த இரண்டு பேர், நேற்றைய சைக்கிள்காரர் என்று ஒரு சின்னக் கூட்டம். தையல்காரி பாட்டுக் கச்சேரி பண்ணுகிறாளென்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு அதற்குள் வெட்கமெல்லாம் போய்விட்டிருந்தது. அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில்கூட இவர் இப்படி வைத்த கண் வாங்காமல் பார்த்ததில்லையே என்று நினைத்தாள். தொண்டை வறண்டுபோனது. சந்தோஷமாக இருந்தது.

மத்தியானம் நர்ஸ் வந்து சாவிக்குக் கையை நீட்டினாள். மெக்கானிக் கொடுக்கவில்லை.

"நாளைக்கு நீ போ. இன்னைக்கு நாங்க போயிட்டு வர்றோம். இனிமே விழுறதுன்னா முதல்ல நாங்க விழணும்."

"ரெண்டு பேருமா? அக்கா, பயமா இல்லையா?"

"பயந்தான்" என்றாள் தையல்காரி. "ஆனா இவரு தனியா போயி, நல்லா இருந்துச்சுன்னு வந்து சொன்னா, அது பொய்யா நெஜமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மலைத்தடம் மழையில் ஊறிக் கிடந்தது. வண்டி ஓட்டுகிறவர் பின்னால் இருக்கிறவளின் வாயைப் பார்க்க முடியாதல்லவா? அதற்கு அவளே வழி கண்டுபிடித்தாள். அவர் முதுகில் உள்ளங்கையை வைத்து, இஞ்சின் அடிக்கிற அடியை அப்படியே தட்டிக்கொண்டு வந்தாள். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. களிமண்ணில் பின்சக்கரம் ஆடியது, பட்டன் டயர் பிடித்துக்கொண்டது. சாக்குக் காகிதத்தில் பென்சிலால் போட்ட பாதை ஒவ்வொன்றாக எதிரே வந்தது. எல்லாம் நர்ஸ் சொன்ன இடத்தில் சொன்னபடியே இருந்தன.

ஓடை வந்தது. மெதுவாகத் தண்ணீரில் இறக்கினார். இடது பக்கம் பள்ளம் அவள் கண்ணில் பட்டது. அடிவாரத்து வீடுகள் தீப்பெட்டி அளவில் தெரிந்தன. இந்த இடத்திலா அந்தப் பெண் விழுந்தாள் என்று நெஞ்சு பதறியது. கை மட்டும் தட்டுவதை நிறுத்தவில்லை. அவர் சட்டென்று முறுக்கினார். டுப் டுப் டுப்விர்ர்ர்ர். வண்டி யோசிக்கவில்லை. தண்ணீரை உதறிக்கொண்டு ஒரே மூச்சில் மேட்டில் ஏறியது. அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று அவளுக்கு முதுகிலேயே தெரிந்தது.

கடைசி வளைவு தாண்டியதும் சத்தம் கொஞ்சம் கனத்தது. உயரத்தில் காற்று மெலிசு. அவள் தட்டுவதையும் பொதபொதவென்று மாற்றினாள். அவர் அங்கேயே நிறுத்தி, இறங்கி, ஒரு கால் திருகு காற்றைக் கூட்டினார். அவள் வாயைப் பார்த்தார். சரியாகிவிட்டது.

மேலே குடியிருப்பு. கல் தூசி படிந்த முற்றத்தில் நர்ஸுக்காகக் காத்திருந்த நாலைந்து பெண்கள், இடுப்பில் குழந்தைகள். நர்ஸ் நாளைக்கு வருவாள், வண்டி சரியாகிவிட்டது என்று தையல்காரி சொன்னதும் ஒருத்தி இரண்டு கையையும் கூப்பினாள். இவளுக்கு எதற்கு என்று புரியவில்லை. அப்புறம் புரிந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அந்தக் குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு லோட்டா கடுங்காப்பி கொடுத்தார்கள். இருவரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள்.

அப்போது கல் உடைக்கிற ஆள் ஒருவர் பழைய இரண்டுசக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கின் இடது பக்கமாக வந்து நின்றார்.

"நீங்கதான் அந்த மெக்கானிக்கா? இது காலையில கிளம்பவே மாட்டேங்குது. கிளம்புனாலும் இருமுது. கொஞ்சம் பாக்குறீங்களா?"

மெக்கானிக் எதிரே மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆள் வந்து நின்றதே அப்புறம்தான் அவர் கண்ணில் பட்டது. திரும்பினார். தையல்காரிக்கு அந்தப் பழைய பயம் எழுந்தது. இப்போது தலையை ஆட்டுவார். சிரிப்பார். பாத்துக்கலாம் என்பார். அவள் ஓடிப்போய்ச் சமாளிப்பதற்குக் காலைக்கூட எடுத்து வைத்துவிட்டாள்.

அவர் லோட்டாவைக் கீழே வைத்தார்.

"கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க" என்றார். "எனக்கு அந்தக் காது கேக்காது. இந்தக் காதும் பாதிதான்."

கல் உடைக்கிறவர் திகைத்து, வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்தார். "காது கேக்காம வண்டி எப்படிங்க பாப்பீங்க?"

"நான் திருகுவேன். சத்தத்த எங்க வீட்டுக்காரம்மா கேட்டுச் சொல்லுவாங்க."

அவ்வளவுதான். ஒரு ஸ்பானரைக் கேட்பது மாதிரி, சாதாரணமாகச் சொல்லிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. கல் உடைக்கிறவர் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, உட்கார ஒரு தட்டைக் கல்லைத் துடைத்துப் போட்டார்.

தையல்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து எத்தனையோ கேட்டிருக்கிறாள். இந்த ஒரு பேச்சைக் கேட்கக் காது கொடுத்து வைத்திருந்ததே, அதற்கு யாருக்கு வேண்டுமானாலும் நன்றி சொல்லலாம் என்றிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாள். அவர் வண்டிக்கு அந்தப் பக்கம் குந்தி, உதைத்துக் கிளப்பி, அவளை நிமிர்ந்து பார்த்தார். கூட்டம் அவள் வாயைப் பார்த்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கிழட்டு இஞ்சின் இருமியது இருமியபடியே சொல்லத் தொடங்கினாள்.